ஆகாயக் கண்ணும் கரிசல் நிலமும்

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30-ஆம் தேதி மாலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘நிசார்’ என்னும் செயற்கைக்கோள் ஆகாயத்தில் ஏறிற்று. அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனமும் நமது இஸ்ரோ ஸ்தாபனமும் கூடிச் செய்த கோள் இது. பூமிக்கு மேலே சுமார் 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, பன்னிரண்டு நாட்களுக்குள் உலகத்து நிலப்பரப்பில் பெரும்பாலானதை இரண்டு முறை ராடார்க் கதிர்களால் தடவிப் பார்த்துவிடும்படி அமைக்கப்பட்டது. அதன் பார்வையில் இமயமலைப் பனி படும். அலாஸ்காக் காடு படும். அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் குமாரலிங்கபுரத்துக் குடியானவன் விதைத்த கரிசலும், மழையில்லாமல் விதைக்காது விட்ட தரிசும் படும்.

செய்தி வந்த அன்று தேசமெங்கும் மகிழ்ச்சி நிலவிற்று. அது நியாயமே. ஆனால் மகிழ்ச்சி தணிந்த பின்பு நிதானமாக ஆலோசிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. ஆகாயத்திலிருந்து பூமியைப் பார்க்கும் இந்தக் கண்கள் யாருடையவை? அவை யாருக்காகப் பார்க்கின்றன? பார்க்கப்படும் நிலத்துக்கு உடையவனுக்கு அந்தப் படத்தில் என்ன பாத்தியதை? முதலிரண்டு கேள்விகளைப் பற்றி டில்லியிலும் வாஷிங்டனிலும் ராஜதந்திரிகள் ஓயாமல் பேசி வருகிறார்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்பார் இல்லை. வானத்தைப் பார்த்தே வாழ்ந்து வந்த நமது சீமையை இப்போது வானம் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. ஆகையால் அந்த மூன்றாவது கேள்வியே நமக்கு ஜீவாதாரமானது.

நிலத்தை அளப்பதும் நிலத்தை ஆள்வதும் எக்காலத்திலும் ஒட்டியே நடந்து வந்திருக்கின்றன. 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய பெரிய முக்கோண அளவை, பின்னர் இமயமலை வரையில் சென்றது. அதனால் பூகோள சாஸ்திரம் வளர்ந்தது மெய்யே. கும்பெனியாரின் படைக்கும் வரி வசூலுக்கும் அது துணை நின்றதும் மெய்யே. ஒரே படம் விஞ்ஞானிக்கும் பயன்பட்டது, சிப்பாய்க்கும் பயன்பட்டது, தாசில்தாருக்கும் பயன்பட்டது. அளக்கப்பட்ட நிலத்தின் குடியானவனுக்கு மட்டும் அந்தப் படத்தை யாரும் காட்டவில்லை. அவன் கண்டதெல்லாம் கிஸ்தி ரசீதுதான்.

செயற்கைக்கோள்களின் சரித்திரமும் அவ்விதமே ஆரம்பமாயிற்று. அமெரிக்கா 1960 முதல் 1972 வரையில் ‘கொரோனா’ என்ற ரகசியப் பெயரில் வரிசையாகக் கோள்களை அனுப்பி, ருஷ்யாவையும் சீனாவையும் படமெடுத்தது. எடுத்த படச்சுருள் ஒரு கூட்டில் அடைபட்டுப் பாராசூட்டில் இறங்கும்; விமானம் ஒன்று அதை நடுவானத்திலேயே கொக்கியிட்டுப் பிடித்துச் செல்லும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட அப்படங்கள் 1995-ஆம் ஆண்டு வரையில் ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. பயிர், காடு, நீர்நிலை ஆகியவற்றைப் பார்ப்பதற்கென்று ‘லாண்ட்சாட்’ வரிசையின் முதற்கோள் ஏறியது 1972 ஜூலை 23-ஆம் தேதியன்று. யுத்தத்துக்குக் கண் கிடைத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின்பே உழவுக்குக் கண் கிடைத்தது.

நமது தேசத்தில் கதை வேறு விதமாகத் தொடங்கிற்று என்று பெருமையுடன் சொல்லலாம். 1970 வாக்கில் பிஷரோடி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கேரளத்துத் தென்னந்தோப்புகளுக்கு மேலே பறந்து, அகச்சிவப்புப் படங்கள் எடுத்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களைப் பிரித்தறிந்தார்கள். ஆகவே, உயரத்திலிருந்து பூமியைப் பார்க்கும் வித்தை இந்தியாவில் தென்னை மரத்தின் நோய் தீர்க்கப் பிறந்தது. 1979 ஜூன் 7-ஆம் தேதி ‘பாஸ்கரா’ ருஷ்ய மண்ணிலிருந்து ஏறிற்று. லாண்ட்சாட் படங்களை நேரே பெறுவதற்கு ஐதராபாத்துக்கு அருகில் ஷாத்நகரில் நிலையம் அமைந்தது. 1988 மார்ச் 17-ஆம் தேதி, முழு உபயோகத்துக்குரிய நமது முதல் தொலையுணர்வுக் கோள், பைக்கனூரிலிருந்து ருஷ்ய ராக்கெட்டில் சென்றது. அன்று நாம் வண்டிக்கு ருஷ்யாவையும் படத்துக்கு அமெரிக்காவையும் நம்பியிருந்தோம். 1995 டிசம்பரில் ஏறிய கோள் 5.8 மீட்டர் அளவுள்ள பொருளைப் பிரித்துக் காட்டிய போது, அமெரிக்கக் கம்பெனி ஒன்று நமது படங்களைத் தன் தேசத்தில் விற்பனை செய்தது. வாங்குகிறவனாக இருந்த இந்தியன் விற்கிறவனானான்.

ராணுவ உபயோகம் பின்னர் வந்தது. 1999-இல் கார்கில் மலைகளில் எதிரி ஊடுருவியதை நாம் காலத்தில் அறியவில்லை. அதை ஆராய்ந்த குழு, கண்காணிப்பில் உள்ள குறையைச் சுட்டிக் காட்டிற்று. 2001 அக்டோபர் 22-ஆம் தேதி ஒரு மீட்டர் அளவு வரையில் பிரித்துக் காட்டும் பரிசோதனைக் கோள் ஒன்று ஏவப்பட்டது. 2008 நவம்பரில் பம்பாய் நகரம் தாக்கப்பட்டது. சில மாதங்களுக்குள், 2009 ஏப்ரல் 20-ஆம் தேதி, இஸ்ரேல் நாட்டு ராடார் பொருத்திய ‘ரிசாட்-2’ ஏறிற்று. ராடார் இரவிலும் பார்க்கும், மேகத்தினூடேயும் பார்க்கும். அவசரத்தில் அதை அயலாரிடம் வாங்க வேண்டியிருந்தது. நமது சொந்த ராடார்க் கோள் 2012 ஏப்ரலில்தான் சித்தமாயிற்று. 2025 மே மாதத்துச் சண்டையின்போது, குறைந்த பட்சம் பத்துக் கோள்கள் இரவும் பகலும் தேச ரட்சணைக்காக உழைத்து வருவதாக இஸ்ரோ தலைவர் நாராயணன் அறிவித்தார். கண்காணிப்புக்கென 52 கோள்களை ஏவ, சுமார் 27,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய சர்க்கார் சம்மதம் அளித்ததாகவும் செய்திகள் வெளிவந்தன.

தேசத்தைக் காக்கும் செலவில் நமக்கு ஆட்சேபம் இல்லை. எல்லையில் நிற்கும் சிப்பாய் இந்தச் சீமையின் மகன்தான். அவனுக்கு முன்னே என்ன இருக்கிறது என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு சமாதானம் பேசுகிறவர்களுடன் நாம் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனால் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். எதிரியின் டாங்கியைக் காட்டும் கதிரும், வயலின் ஈரத்தைக் காட்டும் கதிரும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்ப இயலாது. ஆகையால் ராணுவத்துக்குரிய ரகசியப் புத்தி, சாமானியப் படங்களின் மீதும் கவிந்து விடும் அபாயம் எப்போதும் உண்டு. கடற்கரையையும் எல்லையையும் காட்டும் வரைபடங்களை நமது சர்வே இலாகா சொந்த ஜனங்களுக்கு வெகுகாலம் மறுத்து வந்தது. அதே இடங்களை 2005 முதல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று யாரும் பார்க்கும்படி கணினித் திரையில் விரித்து வைத்தது. நமது பக்கத்து ராமேசுவரத்திலிருந்து சென்று ராஷ்டிரபதியான அப்துல் கலாம் அவர்களே அவ்வருஷம் அதன் ஆபத்தைப் பற்றி எச்சரித்தார். ஜனங்களுக்கு மறைத்த ரகசியம் அயலாருக்கு மறையவில்லை. தேசப் படங்களைப் பற்றிய பழைய கட்டுப்பாடுகள் தளர்ந்தது 2021 பிப்ரவரியில்தான்.

இனி, அயல்நாட்டாருடன் ஒத்துழைப்பதைப் பற்றிச் சொல்லுவோம். ஒத்துழைப்பு என்ற சொல் இனிமையானது. அதன் உள்ளே இரண்டு ஜாதிகள் உண்டு. ஒன்று, சொந்தக் கண் உள்ளவர்கள் இருவர் தாம் கண்டதைப் பரிமாறிக்கொள்வது. மற்றொன்று, கண் உள்ளவன் கண் இல்லாதவனுக்குக் கைப்பிடித்து வழிகாட்டுவது. பின்னதில், கையை விடும் உரிமை எப்போதும் வழிகாட்டுகிறவனிடமே இருக்கும்.

இதற்கு வெகுதூரம் தேடிப் போக வேண்டியதில்லை. ருஷ்யாவுடன் மூன்று வருஷங்களுக்கு மேலாக யுத்தம் செய்துவந்த உக்ரைன், அமெரிக்கா வழங்கிய ஆகாயப் படங்களைப் பெரிதும் நம்பியிருந்தது. 2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் இரு நாட்டுத் தலைவர்களுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்ட சில நாட்களுக்குள், அமெரிக்க சர்க்காரின் படக் களஞ்சியம் உக்ரைனியருக்கு அடைக்கப்பட்டது. சில நாட்களில் சமரசம் ஏற்பட்டு மீண்டும் திறந்தார்கள். யுத்தகளத்தில் நிற்பவனுக்குச் சில நாள் குருட்டுத்தனம் என்பது சிறிய விஷயமா? இன்னொரு உதாரணம்: அமெரிக்கா 1996-இல் இயற்றிய சட்டத்தின்படி, அந்நாட்டுக் கம்பெனிகள் இஸ்ரேல் நிலத்தின் நுட்பமான படங்களை விற்பதற்குத் தனி வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வரம்பு 2020-இல்தான் பெரிதும் தளர்ந்தது. ஒரு சிநேகிதனின் நிலத்தை மங்கலாகக் காட்டும்படியும் ஆகாயக் கண்ணைத் திருப்பலாம் என்பதற்கு இது சாட்சியம். சாஸ்திரத்துக்குப் பட்சபாதம் இல்லை; அதன் சாவியை வைத்திருப்பவர்களுக்கு உண்டு.

நமக்கும் இந்தப் பாடம் கற்பிக்கப்பட்டது. 1992 மே மாதத்தில், ருஷ்யாவிடமிருந்து கிரையோஜெனிக் இயந்திரமும் அதன் வித்தையும் வாங்க முயன்றதற்காக அமெரிக்கா இஸ்ரோவின் மீது தடை விதித்தது. மறு வருஷம் ருஷ்யா வித்தையைத் தர மறுத்து விலகிற்று. நமது விஞ்ஞானிகள் இருபது வருஷ காலம் தோல்வியும் முயற்சியுமாக உழைத்து, 2014 ஜனவரி 5-ஆம் தேதி சொந்த இயந்திரத்தால் ராக்கெட்டை ஏற்றிக் காட்டினார்கள். 2025 ஜூலையில் நிசாரைச் சுமந்து சென்றது அந்த வம்சத்து இயந்திரமேயாகும். எந்த இயந்திரம் நமது கைக்கு வரலாகாது என்று அமெரிக்கா தடுத்ததோ, அதே இயந்திரத்தை நம்பித் தனது அரிய ராடாரை அது ஏற்றி அனுப்பிற்று. மரியாதையான ஒத்துழைப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

ஆகையால், அயலாருடன் சேரவே கூடாது என்று வாதிப்பவர்களின் கட்சியை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. தனித்து நிற்பதிலும் ஆபத்து உண்டு. 2025 மே 18-ஆம் தேதி நமது ராடார்க் கோள் ஒன்று, ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்தில் நேர்ந்த பிழையால் நஷ்டமாயிற்று. ஐரோப்பியர்களின் ‘சென்டினல்’ ராடார் இரட்டையரில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதுபட்டு நின்றது. எந்தத் தேசத்துக்கும் கண் பழுதாவது உண்டு; அப்போது அடுத்தவர் கண் உதவ வேண்டும். நிசார் ஒப்பந்தம் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி கையெழுத்தாயிற்று. நீண்ட அலையுள்ள ராடார் அமெரிக்காவுடையது. குறுகிய அலையுள்ள ராடார் நமது ஆமதாபாத் கூடத்தில் செய்தது. 12 மீட்டர் அகலமுள்ள பிரதிபலிப்பான் அவர்களுடையது. கோளின் உடலும் ராக்கெட்டும் நம்முடையவை. இரு தேசத்து நிலையங்களும் படங்களைப் பெறுகின்றன. படங்களை உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்துவிடுவதென்பது ஒப்பந்தத்தின் நோக்கம். நமது பங்குக்குச் செலவு 788 கோடி ரூபாய். ஒருவர் மனம் மாறினால் மற்றவர் குருடாகும்படி அமையாத ஏற்பாடு இது. இத்தகைய கூட்டுறவையே நாம் வேண்டுகிறோம். 2020 அக்டோபர் 27-ஆம் தேதி அமெரிக்காவுடன் செய்துகொண்ட ராணுவப் பூகோளத் தகவல் ஒப்பந்தத்தை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கிடைப்பதை வாங்கிக்கொள்வது தவறல்ல; கிடைப்பதை நம்பிச் சொந்தக் கண்ணை மூடிக்கொள்வதே தவறு.

சர்வதேச சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, ஆகாயத்துக்கு அப்பாலுள்ள வெளி எந்தத் தேசத்தின் சொத்துமல்ல என்றது. அணுகுண்டுகளைச் சுற்றுப்பாதையில் வைப்பதைத் தடுத்தது. வேவு பார்ப்பதை அது தடுக்கவில்லை. பின்னர், ஏழை நாடுகள் பல, எங்கள் நிலத்தை எங்கள் சம்மதமில்லாமல் பார்க்கலாகாது என்று வெகுகாலம் வாதாடின. பணக்கார நாடுகள் இணங்கவில்லை. முடிவில் 1986 டிசம்பர் 3-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை பதினைந்து தத்துவங்களை ஏகமனதாக நிறைவேற்றிற்று. அதன்படி பார்ப்பதற்குச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டாம் தத்துவம் ஒரு முக்கியமான பாத்தியதையை வழங்கிற்று: எந்தத் தேசத்தின் நிலம் பார்க்கப்பட்டதோ, அந்தத் தேசத்துக்கு அந்தப் படங்களைப் பட்சபாதமின்றி, நியாயமான விலையில் பெறும் உரிமை உண்டு. இத்தத்துவங்கள் பயிர், நிலம், சுற்றுப்புறம் ஆகிய காரியங்களுக்கு மட்டுமே பொருந்துவன. யுத்த காரியங்களுக்கு அல்ல. இவற்றை மீறினவனைக் கூண்டில் நிறுத்தும் நியாயஸ்தலமும் இல்லை. ஆயினும் அதில் உள்ள தர்மம் உயர்ந்தது. பார்க்கப்படுகிறவனுக்கும் பார்க்கும் உரிமை உண்டு என்பதே அந்தத் தர்மம்.

ஆபத்துக் காலத்தில் தேசங்கள் ஒன்றையொன்று காண உதவுவதற்கு மற்றொரு சாசனமும் உண்டு. 1999-இல் வியன்னாவில் நடந்த மகாநாட்டின் பயனாகப் பிரான்சும் ஐரோப்பிய விண்வெளி ஸ்தாபனமும் தொடங்கிய பேராபத்துச் சாசனத்தில் இந்தியா 2001-இல் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கி நாகப்பட்டினத்துக் கரையையும் இலங்கையையும் அழித்தபோது, இச்சாசனத்தின்படி பல தேசத்துக் கோள்கள் படமெடுத்துக் கொடுத்தன. வெள்ளம், புயல், பூகம்பம் எங்கு நேரிடினும், விரோதம் பாராமல் எல்லோரும் தங்கள் கண்களைக் கடன் கொடுக்கிறார்கள். மனித சமூகம் செய்துள்ள நல்ல காரியங்களுள் இது ஒன்று.

ஆனால் இச்சாசனத்தில் நமது சீமைக்கு ஒரு செய்தி இருக்கிறது. யுத்தம் அதன் வரம்புக்குள் வராது. பஞ்சமும் வராது! மழை பெய்து கெடுத்தால் உலகத்தின் கண்கள் எல்லாம் திறக்கும். பெய்யாமல் கெடுத்தால் திறவா. திடீரென்று வருவதே ஆபத்து என்பது அதன் இலக்கணம். புரட்டாசியில் நம்பிக்கையுடன் தொடங்கி, ஐப்பசியில் சந்தேகமாகி, கார்த்திகையில் முடிவாகிவிடும் எங்கள் ஆபத்து, மெதுவாக வருகிற காரணத்தால் ஆபத்தே அல்லவென்று ஆகிவிட்டது. வெள்ளம் ஒரு நாளில் செய்வதை வறட்சி மூன்று மாதத்தில் செய்கிறது. வீட்டில் அடுப்பு அணைவது இரண்டிலும் ஒன்றுதான்.

இப்போது நமது சொந்த வாசலுக்கு வருவோம். விருதுநகர் ஜில்லாவின் கிழக்குப் பகுதி, கண்மாயையும் மானாவாரியையும் நம்பியது. வடகிழக்குப் பருவமழையே இங்கு விதைப்புக்கு ஆதாரம். மேகம் சூழ்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் பயிர் முளைக்கிறது. சாதாரணப் புகைப்படக் கோளுக்கு அப்போது கீழே மேகம்தான் தெரியும். ராடார் ஒன்றே மேகத்தைத் துளைத்து நிலத்தைக் காணும். ஆகையால் ராடார்க் கோள்களின் ஒத்துழைப்பினால் யாருக்கேனும் நேரான லாபம் உண்டென்றால், அது நமது சீமையைப் போன்ற ஐப்பசிச் சீமைக்கே உண்டு.

இது வெறும் கற்பனையன்று. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது; 2017 ஜனவரி 10-ஆம் தேதி ராஜ்ய சர்க்கார் 32 ஜில்லாக்களையும் வறட்சிப் பிரதேசமென அறிவித்தது. அந்தப் பருவத்தில் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துடனும் சுவிட்சர்லாந்தின் உதவியுடனும் சேர்ந்து, ஐரோப்பாவின் சென்டினல் ராடார்ப் படங்களைக் கொண்டு, எந்தக் கிராமத்தில் நெல் நடப்பட்டது, எங்கே நடப்படவேயில்லை என்று கணித்தார்கள். அக்கணக்கு பயிர் இன்ஷ்யூரன்ஸ் பணத்தைத் துரிதமாக வழங்குவதற்கு உதவிற்று. ஐரோப்பாவின் கோள், சுவிஸ் தேசத்துப் பணம், மணிலாவின் சாஸ்திரம், கோயமுத்தூரின் உழைப்பு, தமிழ்க் குடியானவனின் வயல் — சர்வதேச ஒத்துழைப்பு என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்.

பிரதம மந்திரியின் பயிர் இன்ஷ்யூரன்ஸ் திட்டம் 2016-இல் தொடங்கிற்று. அதன் விதிப்படி, அறிவிக்கப்பட்ட ஒரு வட்டாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் விதைக்க முடியாமல் போனால், இன்ஷ்யூர் செய்த தொகையில் கால்பங்கு வழங்க வேண்டும். விதைத்த பின் கெட்டால், மாதிரி வயல்களில் அறுத்து எடை பார்த்து நஷ்டத்தைக் கணக்கிடுவது வழக்கம். 2023 முதல், நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூலைக் கணக்கிடுவதில் குறைந்தது 30 சதவீதம் செயற்கைக்கோள் முதலிய நூதன சாதனங்களின் கணிப்புக்கு இடமளிக்க வேண்டுமென்று மத்திய சர்க்கார் விதித்தது. மறு வருஷம் சோயா சேர்ந்தது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் அந்த வரிசையில் இடம் பெறவில்லை. வறட்சியென்று ஒரு பிரதேசத்தை அறிவிப்பதற்கும், 2016-ஆம் ஆண்டு வறட்சிக் கையேட்டின்படி, ஆகாயத்திலிருந்து அளக்கும் பசுமைக் குறியீடு ஓர் அத்தாட்சியாகும். ஆகவே நமது குடியானவனின் வழக்கில் ஆகாயக் கண் இப்போது சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது.

சாட்சி உண்மை பேசக்கூடியதே. ஆனால் எந்தச் சாட்சிக்கும் குறுக்கு விசாரணை வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் படங்களில் ஒரு புள்ளி பத்து மீட்டர் சதுரம். நமது ஊர்களிலோ ஒரு துண்டு நிலத்தில் வரப்போரம் துவரையும் நடுவே கம்பும் ஊடே தட்டைப்பயறும் நிற்கும். பசுமையை அளக்கும் கோளுக்குப் பயிரின் பச்சையும் பச்சைதான். சீமைக்கருவேலின் பச்சையும் பச்சைதான். பயிரெல்லாம் கருகிய வருஷத்தில் கண்மாய்க்குள்ளும் தரிசிலும் ஆழ வேரோடிச் செழித்து நிற்பது சீமைக்கருவேல் ஒன்றே. உள்ளூர்க்காரன் அருகிருந்து சொல்லாவிட்டால், எங்கள் பஞ்சத்தையே செழிப்பென்று ஆகாயக் கண் எழுதிவிடக் கூடும்.

நமது அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் இன்னும் வக்கீல் அங்கியைக் கழற்றிவிடவில்லை. சில வருஷங்களுக்கு முன்பு திருச்சுழிப் பக்கத்திலிருந்து இரண்டு குடியானவர்கள் நமது அறைக்கு வந்தார்கள். உளுந்து விதைத்து, பூப்பிடிக்கும் காலத்தில் மழையின்றி இழந்தவர்கள். நஷ்ட ஈடு மறுத்து ஒரு கம்பெனி எழுதிய இங்கிலீஷ்க் கடிதம் அவர்கள் கையில் இருந்தது. செயற்கைக்கோள் ஆதாரப்படி அந்தப் பிர்க்காவில் பயிர் நிலைமை திருப்திகரமாக இருந்ததென்று அதில் கண்டிருந்தது. அந்தப் படத்தைக் காட்டும்படி நாம் எழுதிக் கேட்டோம். பதிலாக வந்தது ஒரு வரிக் கணக்கு, படம் வரவேயில்லை. “வக்கீலய்யா, எங்க நெலத்தத்தான புடிச்சிருக்காக? நாங்க பாத்தா என்ன கொறஞ்சா போயிரும்?” என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். அந்தப் படம் கருவேலைக் கண்டு ஏமாந்ததா, அல்லது அவர்கள் நிலம் கெட்டும் பக்கத்து ஊர்கள் தேறினவா என்பது இன்றுவரை அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒருவனுக்கு விரோதமான தஸ்தாவேஜை அவனிடம் காட்டாமல் தீர்ப்புச் சொல்வதை எந்த முன்சீப் கோர்ட்டும் அனுமதிக்காது. ஆகாயத்திலிருந்து வந்த தஸ்தாவேஜு என்பதால் நியாயம் மாறிவிடுமா?

ஐக்கிய நாடுகள் சபையில் ஏழைத் தேசங்கள் எதற்காக வாதாடினவோ, அதையே இன்று குமாரலிங்கபுரத்துக் குடியானவன் கேட்கிறான். பார்க்கப்படும் தேசத்துக்குப் படத்தில் பாத்தியதை உண்டென்றால், பார்க்கப்படும் குடியானவனுக்கு அது ஏன் இல்லை? இந்தியா பிற வல்லரசுகளிடம் கேட்கும் நியாயத்தைத் தன் சொந்தப் பிரஜைக்கு மறுப்பது எவ்விதம் பொருந்தும்?

ராணுவ ரகசியம் வெளியாகிவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வாதம் நில்லாது. பத்து மீட்டர்ப் படத்தை ஐரோப்பியர் உலகத்துக்கே தானமாக வழங்கிவருகிறார்கள். சர்க்காரின் 2023-ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கையும், ஐந்து மீட்டரும் அதற்கு மேற்பட்ட அளவும் உள்ள படங்களை இலவசமாக வழங்கலாமென்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே மறைப்பதற்குக் காரணம் ரகசியமன்று, அசிரத்தையே. கொள்கை காகிதத்தில் திறந்திருக்கிறது. கிராமத்தில் கதவு மூடியிருக்கிறது.

ஆகையால் நாம் சர்க்காரையும் பொதுஜனங்களையும் கேட்டுக்கொள்வது இவை. முதலாவது, ராணுவத்துக்கென 52 கண்கள் வேண்டுமென்றால், உழவுக்கும் நீருக்கும் என்று ஒதுக்கிய ராடார்க் கண்களும் அதற்கேற்பப் பெருக வேண்டும். யுத்த அவசரத்தில் உழவின் முறை தள்ளிப் போடப்படலாகாது. இரண்டாவது, 2023 செப்டம்பரில் டில்லி ஜி-20 மகாநாட்டில் சுற்றுப்புறத்துக்கென ஒரு பொதுக் கோளை இந்தியா யோசனை கூறிற்று. அந்த யோசனையுடன், பேராபத்துச் சாசனத்தில் வறட்சிக்கும் இடம் வேண்டுமென்ற கோரிக்கையையும் உலக சபைகளில் எழுப்ப வேண்டும். உலகத்து வறண்ட சீமைகள் எல்லாம் நமக்குத் துணை நிற்கும். மூன்றாவது, அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டு, கம்பு, குதிரைவாலி, உளுந்து, மிளகாய் ஆகிய பயிர்களும் சீமைக்கருவேலும் ஆகாயப் படத்தில் எப்படித் தெரிகின்றன என்று வருஷந்தோறும் வயலில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான்காவதும் முக்கியமானதும் இதுவே: இன்ஷ்யூரன்ஸோ வறட்சி நிவாரணமோ முடிவாவதற்கு முன்பு, அதற்கு ஆதாரமான படம் சர்வே எண்களுடன் தமிழில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் அவகாசம் வேண்டும். ஆட்சேபம் வந்த இடத்தில் அதிகாரி நிலத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

இவை பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. ஆயிரக்கணக்கான கோடி செலவில் ஏறிய கோளின் படத்தை ஒரு காகிதத்தில் அச்சிட்டு ஒட்டுவதற்குச் சில ரூபாய் போதும். அது நடக்கும்படி கேட்க வேண்டியது நமது கடமை. கிராம சபை கூடும் நாட்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பும்படி நமது ஊழியர்களை வேண்டிக்கொள்கிறோம். வெறும் கோஷத்தால் இது ஆகாது. ஊர் ஊராக விதைத்த தேதியும் மழை பெய்த தேதியும் குறித்து வைத்தால், ஆகாயக் கணக்கை எதிர்த்துக் கேட்கத் தரையின் கணக்கு நம் கையில் இருக்கும்.

2024 பிப்ரவரி 28-ஆம் தேதி, நமக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. அதன் வேலை முடிந்து அங்கிருந்து ராக்கெட்டுகள் ஏறத் தொடங்கும் நாளில், நமது கரிசல் காட்டிலும் பிள்ளைகள் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த ராக்கெட் தூக்கிச் செல்லும் கண் தங்கள் தகப்பனாரின் நிலத்தையும் பார்க்கிறது, அது கண்டதைத் தாங்களும் பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமானால், அன்று அந்தக் கண் உண்மையில் நம்முடையது. அதுவரையில், கோளைச் செய்தவன் யாராயிருந்தாலும், நமது குடியானவனுக்கு அது அயலான் கண்ணே.